கதை படித்தால் காரியம் கெடுமா?

காதல் நாவலும், கூடிப் படிக்கும் வட்டமும்

"வேலை இல்லாதவள்தான் கதைப் புத்தகம் படிப்பாள்."

இப்படி ஒரு பேச்சு நம் ஊர்களில் உண்டு. சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சில வீடுகளில் மாமியாரும் சொல்வது உண்டு!

அதுவும் காதல் கதை என்றால் கேட்கவே வேண்டாம். புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடும். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். யாராவது வந்தால் முந்தானைக்குள் மறையும். ஏதோ திருட்டுப் பொருள் போல!

காதல் நாவல் படிப்பது அவ்வளவு பெரிய குற்றமா? படித்தால் குடும்பம் கெடுமா? பெண் கெடுவாளா?

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கிளிஞ்சலும் சுண்ணாம்பும்

காரைக்கால் பகுதியில் ஒரு கடற்கரை ஊர், கிளிஞ்சல்மேடு. மீனவர் குடும்பங்கள் வாழும் ஊர்.

பெயரே அழகான பெயர். கிளிஞ்சல் என்பது கடல் கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் ஓடு. பார்ப்பவர் கண்ணுக்கு அது குப்பை. காலில் குத்தினால் கோபம் வரும். ஆனால் அதையே பொறுக்கிச் சூளையில் இட்டுச் சுட்டால் சுண்ணாம்பு! வீட்டுச் சுவருக்கும் அதுதான். தாம்பூலத் தட்டுக்கும் அதுதான்.

காதல் நாவலும் ஒரு கிளிஞ்சல்தான். பெரியவர்கள் ஒதுக்கிய சரக்கு. ஆனால் அதைப் பொறுக்கி எடுத்தவர்கள் அதிலிருந்து என்னென்னவோ செய்துகொண்டார்கள். படிப்பைச் செய்துகொண்டார்கள். தோழமையைச் செய்துகொண்டார்கள். தனக்கென்று ஒரு மணி நேரத்தையும் செய்துகொண்டார்கள்.

கடற்கரைப் பெண்களின் நாள் எப்படி ஓடுகிறது? விடியுமுன் எழ வேண்டும். படகு வந்ததும் மீன் எடுக்க வேண்டும். கூடை சுமந்து விற்க வேண்டும். திரும்பி வந்து சமைக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். கடனுக்குத் தவணை கட்ட வேண்டும்.

இதில் தனக்கென்று எத்தனை நிமிடம்?

புத்தகத்தைக் கையில் எடுத்தால்தான் அந்த நிமிடம் பிறக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணை எல்லாரும் கூப்பிடுவார்கள். படித்துக்கொண்டிருப்பவளைக் கூப்பிடுமுன் கொஞ்சம் யோசிப்பார்கள்!

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சங்கதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்ற பேராசிரியை, காதல் நாவல் படிக்கும் குடும்பப் பெண்களிடம் பேசி ஆராய்ந்தார். 1984-ல் அதை நூலாக வெளியிட்டார். "ஏன் படிக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார். காதலைப் பற்றி மட்டும் அவர்கள் சொல்லவில்லை. நாள் முழுவதும் கணவனுக்கும் பிள்ளைக்கும் உழைக்கிறோம், புத்தகம் படிக்கும் நேரம் ஒன்றுதான் எங்களுடையது என்று சொன்னார்கள்.

சீமையானாலும் சிற்றூரானாலும் அடுப்படி ஒன்றுதான் போலிருக்கிறது!

முடிவு தெரிந்த கதை

காதல் நாவலைக் கேலி செய்கிறவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்.

"அதில் என்ன இருக்கிறது? பெண் ஏழை. மானமுள்ளவள். ஆண் பணக்காரன். முன்கோபி. முதலில் சண்டை. நடுவில் சந்தேகம். கடைசியில் கல்யாணம். முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறதே!"

உண்மைதான். முடிவு தெரியும். அதற்காகத்தான் படிக்கிறார்கள்!

ராட்வே பேசிய பெண்களில் பலர், புத்தகத்தை வாங்குமுன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள். முடிவு இன்பமாக இருந்தால்தான் வாங்குவார்கள்.

கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டுப் பெண்ணுக்கு இது நன்றாகப் புரியும். படகு போகும்போது பார்த்திருப்பாள். எப்போது திரும்பும், எவ்வளவு மீனோடு திரும்பும் என்பது அவளுக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் ஆழிப்பேரலை வந்தது. அன்று உயிர்களைப் பறிகொடுத்த காரைக்கால் கரை ஊர்களில் கிளிஞ்சல்மேடும் ஒன்று.

வாழ்க்கையில் முடிவு தெரியாது. புத்தகத்திலாவது தெரியட்டுமே! நூற்றைம்பது பக்கம் துன்பப்பட்டாலும் கதாநாயகி கரை சேர்ந்துவிடுவாள் என்ற நம்பிக்கையோடு படிப்பது ஒரு சுகம். அந்தத் தைரியத்தில்தான் அவளோடு சேர்ந்து அழவும் முடிகிறது.

முதல் நாவலே காதல் கதை!

காதல் கதை நேற்று வந்த பழக்கமா? இல்லை.

தமிழில் வந்த முதல் நாவல் "பிரதாப முதலியார் சரித்திரம்". 1879-ல் வெளிவந்தது. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. மாயூரம் என்பது இன்றைய மயிலாடுதுறை. காரைக்காலுக்குப் பக்கத்து ஊர். அங்கே அவர் முனிசீப்பாக இருந்தார்.

வழக்கு விசாரித்த மனிதர் என்ன கதை எழுதினார்? பிரதாபனும் ஞானாம்பாளும் சிறு வயது முதல் சேர்ந்து படித்தவர்கள். ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம். ஆனால் கல்யாணம் ஆன பிறகு மாப்பிள்ளை யார் வீட்டில் இருப்பது என்று பெரியவர்களுக்குள் தகராறு. கல்யாணமே நின்றுவிடும் போல் ஆகிறது!

பிறகு இருவரும் கூடுகிறார்கள், பிரிகிறார்கள். பிரிந்த காலத்தில் ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டுக்கொள்கிறாள். ஓர் ஊருக்கு அரசனாகவே ஆகிவிடுகிறாள். நீதியும் வழங்குகிறாள்!

பெண்கள் படிக்க வேண்டும் என்று பாடுபட்டவர் வேதநாயகம் பிள்ளை. அந்தக் கருத்தை அவர் காதல் கதைக்குள் வைத்துக் கொடுத்தார். கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது போல.

காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை ஆண்டார்கள். பிரெஞ்சு மொழியில் நாவலுக்கு என்ன பெயர் தெரியுமா? "ரொமான்". ஆங்கிலத்தில் காதல் கதைக்குச் சொல்லும் "ரொமான்ஸ்" என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். நாவலும் காதல் கதையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

பள்ளி செல்லாத நாவலாசிரியை

அடுத்த கதை இன்னும் அதிசயமானது.

வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901-ல் பிறந்தவர். ஆறு வயது நிரம்புமுன்பே கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

ஆனால் கதை சொல்வதில் கெட்டிக்காரி. அக்கம் பக்கத்துப் பிள்ளைகளும் பெண்களும் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். அவர் சொல்லச் சொல்லக் கேட்பார்கள்.

அவருடைய முதல் படைப்பு ஒரு நாடகம். பெயர் "இந்திரமோகனா". அதை அவர் கையால் எழுதவில்லை. அவர் வாயால் சொன்னார். தோழி பட்டம்மாள் எழுதினார்!

அந்தத் தோழியின் துணையால் பிறகு தானே எழுதவும் பழகிக்கொண்டார். 1925-ல் "ஜகன்மோகினி" என்ற பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கினார். 1960-ல் மறையும் வரை 115 நாவல்கள் எழுதினார். நாட்டு விடுதலைக்காகச் சிறைக்கும் போனார்.

யோசித்துப் பாருங்கள். சொல்ல ஒருத்தி, எழுத ஒருத்தி, கேட்கப் பத்துப் பேர். அதுவே ஒரு வாசகர் வட்டம்! அந்த வட்டத்துக்குச் சந்தா இல்லை. நாற்காலி இல்லை. திண்ணையும் தோழிகளும் இருந்தார்கள். அங்கிருந்து ஒரு நாவலாசிரியை எழுந்து வந்தார்.

ஒரு ரூபாய்க்கு ஒரு நாவல்

கதையால் படித்தவர்கள் உண்டு. கதை எழுதி டாக்டருக்குப் படித்தவரும் உண்டு!

அவர்தான் "லட்சுமி" என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி. 1921-ல் பிறந்தவர். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது பணமுடை வந்தது. பத்திரிகைக்குக் கதை எழுதினார். அதில் வந்த பணம் படிப்புக்கு உதவியது. டாக்டரும் ஆனார். குடும்பப் பெண்களின் மனத்தை அறிந்து எழுதிய அவருக்கு "ஒரு காவிரியைப் போல" என்ற நாவலுக்காக 1984-ல் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது.

ஆனால் புத்தகம் வாங்கக் காசு வேண்டுமே! அந்த வழியும் திறந்தது. 1969 ஜனவரியில் "ராணி முத்து" மாத நாவல் வந்தது. விலை ஒரு ரூபாய். முதல் இதழில் அகிலனின் "பொன்மலர்". பஸ் நிலையக் கடையிலும் ரயில் நிலையக் கடையிலும் காய்கறி போல நாவல் தொங்கியது.

அதன் பிறகு ரமணிசந்திரனின் காலம். அவர் எழுதிய நாவல்கள் நூற்றுக்கு மேல். தாய் படித்து, மகள் படித்து, பேத்தியும் படிக்கிறாள். வாடகை நூல்நிலையங்களில் அவர் புத்தகங்கள் அட்டை கிழியும் வரை கை மாறின.

தைத்துக் கட்டிய பொன்னியின் செல்வன்

கை மாறுவது! இங்கேதான் விஷயம் இருக்கிறது.

கதைப் புத்தகம் தனி ஒருவரோடு நின்றுவிடுவது அபூர்வம். "கல்கி" வார இதழில் 1950 முதல் 1954 வரை "பொன்னியின் செல்வன்" தொடர்கதை வந்தது. ஒரு வீட்டில் இதழ் வாங்குவார்கள். நாலு வீட்டில் படிப்பார்கள். படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுப்பார்கள். வரிசையாக அடுக்கித் தைப்பார்கள். பைண்டு போட்டு வைப்பார்கள். அந்தப் பைண்டு புத்தகம் சீர்வரிசை போல உறவினர் வீடுகளுக்கெல்லாம் பயணம் போகும்.

அந்தக் கதையில் வரும் பூங்குழலி இந்தக் கடற்கரைப் பெண். கோடிக்கரையில் படகு ஓட்டுகிறவள். அலைக்கு அஞ்சாதவள். மனத்தில் உள்ளதைப் பட்டென்று சொல்கிறவள். அரண்மனைப் பெண்கள் இருக்க, படகுக்காரப் பெண்ணை மறக்க முடியவில்லை என்று சொல்லும் வாசகர்கள் எத்தனையோ பேர். 2022-லும் 2023-லும் அந்தக் கதை இரண்டு பாகமாகத் திரைப்படமாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடி எடுத்தவர்களும் உண்டு.

மாட்டு வண்டியில் வந்த நூல்நிலையம்

புத்தகத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோன கதையும் காவிரிக் கரையில்தான் நடந்தது.

சீர்காழியில் 1892-ல் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படுகிறவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கேற்ற வாசகர் கிடைக்க வேண்டும். இது அவர் 1931-ல் வகுத்துச் சொன்ன விதிகளில் சேர்ந்தது. இன்ன புத்தகம் உயர்வு, இன்ன புத்தகம் மட்டம் என்று அந்த விதி பார்க்கவில்லை.

அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு வேலை செய்தார். மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கினார். ஊர் ஊராக அனுப்பினார். புத்தகத்தைத் தேடி மக்கள் வர முடியாவிட்டால், மக்களைத் தேடிப் புத்தகம் போகட்டும் என்ற எண்ணம்!

சென்னையில் 1960-களில் "வாசகர் வட்டம்" பிறந்தது. நடத்தியவர் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி. தீரர் சத்தியமூர்த்தியின் மகள். உறுப்பினர்களைச் சேர்த்து, நல்ல நூல்களை அழகாக அச்சிட்டுக் கொடுத்தார். தி. ஜானகிராமனின் "அம்மா வந்தாள்", சா. கந்தசாமியின் "சாயாவனம்" போன்ற நாவல்கள் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வந்தன.

மாட்டு வண்டி, வாசகர் வட்டம், திண்ணைக் கூட்டம். மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்தன. புத்தகத்துக்குத் துணை தேடிக் கொடுத்தன.

தனியே படித்தால் மயக்கம். கூடிப் படித்தால் தெளிவு

காதல் நாவலில் குறையே இல்லையா? இருக்கிறது. மறைப்பானேன்?

சில கதைகளில் கதாநாயகன் எடுத்ததற்கெல்லாம் சீறுவான். கதாநாயகியைச் சந்தேகப்படுவான். கையைக்கூட ஓங்குவான். கடைசியில் ஒரு முத்தத்தோடு எல்லாம் சரியாகிவிடும். அவளும் மன்னித்துவிடுவாள். கதாநாயகி எப்போதும் சிவப்பாகவே இருப்பாள். கார் வைத்திருப்பவன்தான் காதலிப்பான். மீன் கூடை சுமப்பவளுக்கு அந்தக் கதையில் இடம் இருக்காது.

தனியாகப் படிக்கும் பெண், "கோபம் இருக்கும் இடத்தில்தான் குணமும் இருக்கும்" என்று இதை நம்பிவிடக் கூடும்.

அதே கதையை ஆறேழு பெண்கள் படித்துவிட்டுப் பேசினால் என்ன ஆகும்?

"அவன் கை ஓங்கினானே, அது சரியா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்பாள்.

"ஆசை இருக்கப்போய்த்தானே கோபம்?" என்பாள் இன்னொருத்தி.

"அடி போடி! ஆசை உள்ளவன் அடிப்பானா? நானும் முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்" என்பாள் வயதான அத்தை.

எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் யோசிப்பார்கள்.

அந்த யோசனைதான் லாபம். தன் வீட்டுக் கதையைத் தெருவில் வைத்துப் பேச யாருக்கும் மனம் வராது. மாலதியின் கதை, சாந்தியின் கதை என்றால் தாராளமாகப் பேசலாம். பேசுவது புத்தகத்தைப் பற்றி. தெளிவது சொந்த வாழ்க்கை. யாருக்கும் மானக்கேடு இல்லை!

"கதை படித்தால் பெண் கெட்டுவிடுவாள்" என்று பயப்படும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ஒளித்து வைத்துப் படிக்கும் கதைதான் மயக்கும். கூடத்தில் வைத்துப் படித்து, அம்மாவோடும் அத்தையோடும் வாதாடும் கதை மயக்காது. பயமாக இருந்தால் தாயும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படிக்கட்டும். மகளோடு பேச அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

எழுத்து மறந்து போகாமல் இருக்க

இன்னொரு பெரிய நன்மையும் உண்டு.

1990-களின் தொடக்கத்தில் புதுவையிலும் தமிழ்நாட்டிலும் அறிவொளி இயக்கம் நடந்தது. இரவு விளக்கைச் சுற்றி உட்கார்ந்து வயது வந்த பெண்கள் எழுத்துக் கற்றார்கள். கைநாட்டு வைத்த விரல் கையெழுத்துப் போட்டது. அது பெரிய காரியம்.

ஆனால் கற்ற எழுத்து கையில் நிற்க வேண்டுமே! நீந்தப் பழகியவன் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் தடுமாறுவான். எழுத்தும் அப்படித்தான். தினம் கொஞ்சம் படிக்க வேண்டும்.

ரேஷன் அட்டையையும் மருந்துச் சீட்டையும் ஆசையோடு படிப்பார் உண்டா? அடுத்து என்ன ஆகுமோ என்று மனம் பதறினால்தான் கண் அடுத்த வரிக்கு ஓடும். கதை அந்த வேலையைச் செய்கிறது. "அவன் கடிதம் அவளுக்குக் கிடைத்ததா, இல்லையா?" என்ற ஆவலில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், பத்தாவது பக்கத்தில் எழுத்துக் கூட்டுவதையே மறந்துவிடுவார். படிக்கத் தொடங்கிவிடுவார்!

காதல் கதையில் தொடங்கியவர் அதோடு நிற்பதும் இல்லை. சரித்திரக் கதைக்குப் போவார். வாழ்க்கை வரலாற்றுக்குப் போவார். அரசாங்க மனுவை யாரிடமும் கொடுக்காமல் தாமே படித்துப் பார்ப்பார். அங்கே கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வியும் கேட்பார்.

பத்து வீடு, பத்துப் புத்தகம்

வாசகர் வட்டம் தொடங்கப் பெரிய பணம் வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். கணக்கு மிகவும் சுலபம்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மொத்தம் 61 நாள். வருமானம் குறையும். வீட்டில் கைப்பிடிப்பு அதிகமாகும். அந்த நாளில் புத்தகம் வாங்க யாரால் முடியும்?

பத்து வீட்டுப் பெண்கள் சேரட்டும். வீட்டுக்கு ஒரே ஒரு புத்தகம். பழைய புத்தகக் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். பரணில் கிடந்ததாகவும் இருக்கலாம். ஒரு வீட்டில் ஒரு புத்தகம் ஆறு நாள் தங்கட்டும். ஏழாம் நாள் காலையில் அடுத்த வீட்டுக்குப் போகட்டும்.

ஆறு நாள் வீதம் பத்துப் புத்தகம். அறுபது நாள் ஆயிற்று. ஒரு புத்தகம் கொடுத்த ஒவ்வொருத்தியும் பத்துப் புத்தகம் படித்திருப்பாள்!

மீதி ஒரு நாள்? அந்த அறுபத்தோராம் நாள் எல்லாரும் கூடிப் பேசுவதற்கு!

சில சிறு விதிகள் போதும். புத்தகத்தின் ஓரத்தை மடிக்கக் கூடாது. எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. படிக்கத் தெரியாதவரை ஒதுக்கக் கூடாது. ஒருத்தி வாய்விட்டுப் படித்தால் வெங்காயம் உரித்துக்கொண்டே ஐந்து பேர் கேட்கலாம். கேட்பதும் படிப்புத்தான்! கோதைநாயகி அம்மாளின் தோழிகள் அப்படித்தான் தொடங்கினார்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வட்டத்தில் அவர்களும் சேரலாம். யாரும் தடுக்கவில்லை. சேர விருப்பம் இல்லாவிட்டால், வாரத்தில் ஒரு மாலை சோற்றுப் பானையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். அதுவே பெரிய சந்தா!

கதை படித்தால் காரியம் கெடுமா? ஒருநாள் குழம்பு கொஞ்சம் அடிப்பிடிக்கலாம். அது உண்மை. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலையணைக்கு அடியில் இருக்கும் புத்தகத்தை எடுத்துக் கூடத்தில் வையுங்கள். படித்தாயிற்றா? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.